பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

திருநெல்வேலியில் வீட்டுத் தோட்டம் போடப் போகிறவர்கள் முதலில் காற்றைப் பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும். வைகாசிப் பிற்பாதியில் கிளம்பும் மேல்காற்று ஆவணி வரை லேசில் ஓயாது. தென்மேற்குப் பருவமழையை மலையாளப் பக்கமே கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வெறுங்கையோடு இறங்கி வருகிற காற்று அது. கயத்தாற்றிலும் பணகுடியிலும் காற்றாலைகளைச் சுற்றுவது அதுதான். பாளையங்கோட்டையில் என் வீட்டுப் புறவாசலில் பப்பாளியை முறிப்பதும் பந்தலைப் பிரித்துப் போடுவதும் அதுதான். அதே மாதங்களில் பொதிகையில் மழை பெய்து தாமிரபரணியில் தண்ணீர் வரும். அதை நம்பித்தான் கார் சாகுபடி. ஆற்றில் தண்ணீர் ஓடும், நம் தலைக்கு மேல் மழை இருக்காது. நமக்கான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்வதுதான்.

இந்தக் கணக்கு தெரியாமல் ஆரம்பித்து, மூன்றே மாதத்தில் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்த பல வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். வண்ண வண்ணப் பாக்கெட்டில் காலிஃபிளவர், குடமிளகாய், கேரட் விதைகள் வாங்குகிறார்கள். அவை குளிர்ச்சி கேட்கும் பயிர்கள். ஆனி மாதக் காற்றிலும் நம் வெயிலிலும் அவற்றை வளர்க்கப் பாடுபட்டுச் சலித்துப்போய், "நமக்குக் கைராசி இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கைராசியில் ஒரு குறையும் இல்லை. பயிரும் பட்டமும்தான் பொருந்தவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு தோட்டக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பத்தமடைப் பக்கம் வாழ்ந்த என் ஆச்சி. "தைப்பொங்கலுக்கு என்னென்ன வேணும்னு மொதல்ல நெனைச்சுக்கோளா. அங்கேருந்து பின்னால எண்ணிக்கிட்டே வா" என்பாள். இன்றுவரை நான் பின்பற்றுவது அந்த ஒரு விதியைத்தான்.

விளக்கு முன்னால் வைக்கும் கிழங்குகள்

நெல்லைச் சீமையில் கரும்பும் மஞ்சள்குலையும் வந்துவிட்டால் மட்டும் பொங்கல் ஆகிவிடாது. கிழங்கு வேண்டும். சேனை, சேம்பு, சிறுகிழங்கு, சிறுவள்ளி, பிடிகருணை, சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு என்று விளக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக வைப்போம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கொண்டுபோகும் பொங்கல்படியிலும் இவை இருக்கும். மார்கழிக் கடைசியில் பாளையங்கோட்டை மார்க்கெட்டிலும் மகாராஜநகர் உழவர் சந்தையிலும் கிழங்கு குவிந்து கிடப்பது இதனால்தான். நெல்லையில் இது பண்டிகைச் சடங்கு. தோட்டக்காரர் கண்ணுக்கு அது ஒரு நடவு அட்டவணை. இந்தக் கிழங்குகள் எல்லாமே நம் மண்ணிலும் மழையிலும் தைக்கு முதிர்கிறவை. எதை எப்போது நடவேண்டும் என்பதை அந்த இலையே சொல்லிவிடுகிறது.

சேனைக்கு எட்டு ஒன்பது மாதம் வேண்டும். எனவே சித்திரையில் நடுகிறோம். அரைக் கிலோவுக்குக் குறையாத துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் முளைக்கண்ணின் ஒரு பங்கு இருக்கும்படி வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் காயவைத்து, குழிக்கு ஒன்றாக வைக்கவேண்டும். குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி. தழை பழுத்துச் சாய்ந்துவிட்டால் கிழங்கு தயார்.

மஞ்சளும் இஞ்சியும் சிறுவள்ளியும் வைகாசியில். சிறுவள்ளி கொடி என்பதால் சுவரோரமாக நட்டு ஏறுவதற்குக் கம்பு ஊன்றவேண்டும். சேம்புக்கு ஆனி, ஆடி. அதற்கு ஈரம் வேண்டும். பழைய வீடுகளில் அங்கணக்குழியிலிருந்து தண்ணீர் வெளியே வரும் இடத்தில் சேம்பும் வாழையும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி கழுவிய நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வீணாகாமல் அவற்றுக்கே போய்விடும். இன்றைய வீடுகளில் அந்த நீரைக் குழாய் போட்டுச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, தோட்டத்துக்கு ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரை இறைக்கிறோம். அடுக்களைக் குழாயை வாழையடிக்குத் திருப்பிவிடுவது ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை. துணி துவைத்த நீரை மட்டும் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

ஆடியில் அவரை ஏன்?

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியை எல்லோரும் அறிவோம். இங்கே ஆடியில் காற்று உச்சத்தில் இருக்கும்போது அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அவரைக்குப் பொருந்தும். நாட்டுக் கொடி அவரை, பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். எப்போது விதைத்தாலும் அது காத்திருப்பது அந்தக் குறுகிய பகலுக்குத்தான். ஆடியில் போட்ட விதைக்கு வேர் இறங்கிக் கொடி பெருக்க மூன்று மாதம் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, தை, மாசி வரை காய்க்கிறது. தையில் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போக, இலைதான் மிஞ்சும். மேற்கே சுவரோ பக்கத்து வீடோ மறைக்கும் இடமாகப் பார்த்து விதையுங்கள். பந்தலைக் காற்று ஓய்ந்தபின் உறுதியாகப் போட்டால் போதும்.

கீரை, கத்தரி, வெண்டை, மிளகாய் இவற்றுக்கெல்லாம் புரட்டாசிக்குப் பிறகு வாருங்கள். காற்று ஓய்ந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், மழை வரவிருக்கும். தக்காளி நாற்றைப் பெருமழை அழுகடித்துவிடும். கார்த்திகையில் நட்டால் தப்பிக்கும். சிறுகீரை இருபத்தைந்து நாளில் சட்டிக்கு வந்துவிடும். முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு மன உறுதி தரும் பயிர் கீரைதான். விதையை மணலோடு கலந்து தூவுங்கள்.

சிறுகிழங்கு

இந்த வரிசையில் என் மனசுக்கு மிக நெருக்கமானது சிறுகிழங்கு. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலருக்கு இதன் பெயரே தெரியாது. விரல் கனம்தான் இருக்கும், கருந்தோல், மண்வாசனை. சாக்கில் போட்டுக் கல்லில் உரசினால் தோல் கழன்றுவிடும். உரித்த கை இரண்டு நாள் கறுத்திருக்கும். பொரியலாகவும் புளிக்குழம்பாகவும் வைத்தால் அந்த ருசிக்கு உருளைக்கிழங்கு பக்கத்தில் நிற்காது.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர் என்கிறார்கள் தாவர ஆராய்ச்சியாளர்கள். துளசியும் கற்பூரவள்ளியும் இதன் குடும்பம். இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு தெரியும். தென்காசி, நெல்லைச் செம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக விளைகிறது. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீதாரா' என்றொரு ரகத்தையே இதில் வெளியிட்டிருக்கிறது.

வளர்ப்பது எளிது. ஆனியில் பத்துப் பதினைந்து விதைக்கிழங்குகளை ஒரு சிறு பாத்தியில் ஊன்றுங்கள். ஆவணிக்குள் கொடி படர்ந்துவிடும். நுனித் தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளி, ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதலிலோ மேட்டுப் பாத்தியில் முக்கால் அடிக்கு ஒன்றாக நடுங்கள். ஒன்றரை மாதம் கழித்துக் களை எடுத்து மண் அணைப்பது முக்கியம். அணைத்த மண்ணுக்குள்தான் கிழங்கு இறங்கும். மார்கழிக் கடைசியில் இலை மஞ்சளித்தால் தோண்டலாம். வேரில் முடிச்சு முடிச்சாகக் கட்டும் நூற்புழுதான் இதற்குப் பெரிய எதிரி. ஒரே இடத்தில் வருஷா வருஷம் நடக்கூடாது. கிழங்கு எடுத்த பாத்தியில் அடுத்த பயிராகக் கேந்தி நடுங்கள். பூவும் கிடைக்கும், நூற்புழுவும் குறையும்.

பனங்கிழங்குக்கு இன்னும் குறைந்த வேலை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழக் கொட்டைகளைச் சேர்த்து, இரண்டடி உயரம் பொலபொலப்பான மண் மேடு கட்டி, அதன்மேல் நெருக்கி அடுக்கி மூடிவிடுங்கள். முளை கீழ்நோக்கி இறங்குவதால்தான் மேடு. தையில் பிரித்தால் கிழங்கு. கொட்டையை வெட்டினால் உள்ளே தவுண். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

மண், மூடாக்கு, பூச்சி

கோடையில் குளம் வற்றும்போது எடுக்கும் கரம்பை மண், செம்மண், ஆட்டுப் புழுக்கை. இந்த மூன்றும்தான் என் தோட்டத்து அடிமண். மொட்டைமாடியில் போடுகிறவர்கள் கரம்பையைக் குறைத்துத் தேங்காய்நார்க் கழிவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஈரமான ஒரு கன அடி மண் நாற்பது கிலோவுக்கு மேல் எடை வரும். தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வையுங்கள். மேல்காற்றுக்கும் அது நல்லது.

மண்ணை வெறுமையாக வெயிலில் கிடக்க விடாதீர்கள். சருகு, வாழை மட்டை, தேங்காய் மட்டை எதையாவது போட்டு மூடுங்கள். 'மூடாக்கு' என்ற இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாருக்கும் நம் சீமைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1960களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். அதை விட்டபின், 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பில் சேர்ந்து, களக்காட்டு வட்டாரத்தில் பத்தாண்டு விவசாயிகளோடு உழைத்தார்.

பூச்சிக்கு உடனே மருந்தைத் தேடவேண்டாம். பப்பாளியை வெள்ளைப் பஞ்சாக மூடிய மாவுப்பூச்சி நினைவிருக்கும். 2008இல் கோவையில் முதலில் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். அவை மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டுப் பெருகி, அந்தக் கொள்ளையை அடக்கின. நாம் மருந்தைத் தெளித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட குளவிகள்தான். மழைக்குப் பின் முருங்கையில் அப்பும் கம்பளிப்பூச்சியை, அது தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும் பகலிலேயே பந்தம் காட்டி ஒழித்துவிடலாம். நாற்றைக் கொத்தும் மயிலுக்கு வலை போடுங்கள். கிழங்கைத் தோண்டும் பெருச்சாளிக்குப் பாத்தியைச் சுற்றி ஓரடி ஆழம் கம்பிவலை புதையுங்கள்.

பெருமழைக்கும் தயாராக இருக்கவேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை நம் சீமை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அவ்வளவு வெள்ளத்துக்கு எந்தத் தோட்டமும் ஈடுகொடுக்காது. ஆனால் சாதாரண கார்த்திகை மழைக்கே பள்ளப் பாத்தியில் கிழங்கு அழுகிவிடும். முக்கால் அடி உயர மேட்டுப் பாத்தியும், தண்ணீர் வடிய ஒரு வாய்க்காலும் புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள்

இரண்டு வாழை, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு அவரைப் பந்தல், இரண்டு கீரைப் பாத்தி, மூலையில் சேம்பு, மீதி இடத்தில் சேனையும் சிறுகிழங்கும். மூன்று சென்ட் புறவாசலில் இவ்வளவும் அடங்குகிறது. கூட்டாஞ்சோற்றுக்கும் அவியலுக்கும் வேண்டியதில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடும். இடமே இல்லாதவர்களுக்கு ஒரு சாக்குப் பை போதும். சேனை சாக்கிலும் விளையும், சிறுகிழங்கு அகலமான தொட்டியிலும் விளையும்.

இந்தக் கிழங்குகளை வீட்டில் நடுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவருகிறார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை. விதைக் கடைப் பாக்கெட்டில் இவை வராது. கையிலிருந்து கைக்குத்தான் வரவேண்டும். எனவே வரும் மார்கழியில் சந்தையில் சிறுகிழங்கு வாங்கும்போது, நல்ல கிழங்காக ஒரு கைப்பிடி தனியே எடுத்து, நிழலில் மணல் பரப்பி அதில் வையுங்கள். ஆனியில் ஊன்றுங்கள். கொடி படர்ந்தபின் நாலு தண்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். அடுத்த பொங்கலில் விளக்கு முன்னால் வைக்கும் கிழங்குகளில் ஒன்றாவது உங்கள் மண்ணில் விளைந்ததாக இருக்கட்டும்.