ஒரு நாள் மலர்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் பச்சையைத் தவிர வேறு நிறத்தைக் காண்பது அரிது. தேயிலைச் செடியும் வெண்ணிறப் பூப் பூக்கக்கூடியதுதான். ஆனால், கொழுந்துக்காக ஓயாமல் கிள்ளப்படும் செடிக்குப் பூக்க ஏது நேரம்? தோட்டத்தில் பூவைக் காண வேண்டுமானால் தொழிலாளர் குடியிருப்பின் வாசலுக்குத்தான் செல்ல வேண்டும். வீட்டிற்கு முன்னால் நான்கு முழ இடம் கிடைத்தாலும் அதில் ஏதாவது ஒரு செடியை நட்டு வைப்பது தோட்டப்புற மக்களின் பழக்கம். அத்தகைய சிறிய நிலத்திற்கு ஏற்ற செடிகளுள் ஒன்று செம்மஞ்சள் நிற டே லில்லி.

இதன் தாவரவியல் பெயர் ஹெமரோகாலிஸ் ஃபுல்வா. ஹெமரோகாலிஸ் என்பது, நாள், அழகு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையாகும். காலையில் விரியும் பூ, மாலைக்குள் வாடிச் சுருண்டுவிடும். மறுநாள் அது மீண்டும் விரியாது. ஆயினும், செடி வெறுமையாக நிற்பதில்லை. ஒரே பூந்தண்டில் பத்துக்கும் மேற்பட்ட மொட்டுகள் உருவாகி, ஒன்றன்பின் ஒன்றாக மலர்வதால் வாசலில் பல வாரங்களுக்கு நிறம் நீடிக்கும்.

பெயரில் லில்லி இருந்தாலும் இஃது உண்மையான லில்லி அன்று. லில்லி, செதில்கள் அடுக்கிய கிழங்கிலிருந்து ஒற்றைத் தண்டாக உயர்ந்து, தண்டு நெடுகிலும் இலை விடும். டே லில்லிக்கோ இலைகள் யாவும் தரையிலிருந்தே விசிறிபோல் கிளம்பும். பூக்காத நாளில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எலுமிச்சைப் புல்லைப் போலவே தோன்றும்.

சீனாவையும் ஜப்பானையும் சேர்ந்த கிழக்காசியப் பகுதியே இதன் தாயகம். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவிய செம்மஞ்சள் வகையிடம் ஒரு விந்தை உண்டு. அது விதை கொடுப்பதில்லை. சாதாரண டே லில்லியின் உயிரணுவில் 22 நிறப்புரிகள் இருக்கும். இதில் 33 இருக்கின்றன. மூன்று தொகுதிகளாக இருக்கும் நிறப்புரிகள் விதை உருவாகும்போது சமமாகப் பிரிய இயலாததால், பூத்தும் காய்ப்பதில்லை. நியூயார்க் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஆர்லோ ஸ்டவுட், இந்த மலட்டுத்தன்மையை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்தார். விதையே இல்லாத செடி கண்டம் விட்டுக் கண்டம் பரவியது எப்படி? மனிதர் கையால்தான். ஒருவர் வேரோடு பிரித்துக் கொடுக்க, மற்றவர் வாங்கி நட்டிருக்கிறார். இன்று ஒரு வீட்டு வாசலில் நிற்கும் செடி, வேறொரு வீட்டில் நின்ற செடியின் ஒரு துண்டே.

கேமரன் மலையில் இதை நட விரும்புபவருக்கும் இந்த உண்மை உதவும். இம்மலையின் குடியிருப்புகளும் தோட்டங்களும் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ளன. பகலில் வெப்பம் 25 பாகை செல்சியஸைத் தாண்டுவது குறைவு. குளிர்ச்சி உண்டு, ஆனால், பனி பொழியும் குளிர்காலம் இல்லை. டே லில்லி வகைகளுள் சில, குளிர்காலத்தில் இலை வாடி உறங்கி எழுந்த பிறகே நன்கு பூக்கும்; வேறு சில ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். முதல் வகையை இங்கு நட்டால் இலை மட்டுமே மிஞ்சக்கூடும். ஆதலால், படத்தைப் பார்த்து வெளிநாட்டுச் செடியை வாங்குவதைவிட, இதே மலையில் பூத்துக் காட்டிய ஒரு செடியிலிருந்து துண்டு கேட்டு வாங்குவதே நல்லது.

இடத்தைத் தேர்வு செய்யும்போது வெயிலைக் கவனிக்க வேண்டும். செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. கேமரன் மலையில் பிற்பகல் மூடுபனியும் மழையும் வழக்கமானவை. எனவே, காலை வெயில் விழும் கிழக்குப் பக்கமே சிறந்தது. மண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. தேயிலைக்குப் புளிப்பு மிகுந்த மண் பிடிக்கும். அதன் காரக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருக்கும். டே லில்லிக்கோ 6க்குச் சற்று மேல் இருந்தால் நல்லது. தேயிலை மண்ணில் சிறிது சுண்ணாம்புத்தூளும் மட்கிய உரமும் கலந்து, சில வாரங்கள் கழித்து நட வேண்டும். வேரும் இலையும் சேரும் கழுத்துப் பகுதி, மண்ணுக்குள் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் போதும். அதற்கு மேல் புதைத்தால் அழுகும். செடிக்குச் செடி அரை மீட்டர் இடைவெளி வேண்டும்.

வீடு சரிவின் ஓரத்தில் இருந்தால், இச்செடி அழகுக்கு மட்டும் பயன்படுவதில்லை. தடித்த வேர்கள் நெருக்கமாகப் படர்ந்து, மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்வதைக் குறைக்கும். என்றாலும், அதன் ஆற்றலை மிகைப்படுத்திக் கூறக் கூடாது. 2014ஆம் ஆண்டு நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் உயிர்களைப் பறித்த நிலச்சரிவு போன்றவற்றை எந்தப் பூச்செடியும் தடுத்து நிறுத்தாது. வாசல் வரப்பு கரையாமல் காப்பதே இச்செடியால் ஆகக்கூடிய காரியம்.

பராமரிப்பு எளிது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூ குறையும். ஈரமான இரவுகளில் நத்தைகள் இளம் இலைகளைத் தின்னும். விளக்கோடு சென்று பொறுக்கி எடுப்பதே சிக்கனமான வழி. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் ஒட்டியிருந்தால் அது துருநோய். அந்த இலைகளை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும்.

சந்தையில் சீனர்களின் கடைகளில் விற்கப்படும் உலர்ந்த ‘கிம் சாம்’, டே லில்லி இனத்தின் மொட்டுதான். அதனை ஊற வைத்து, முடிச்சிட்டு, காளானோடு சேர்த்துச் சமைப்பர். அதற்காக வாசலில் பூத்ததைப் பறித்துச் சட்டியில் போடலாகாது. பச்சை மொட்டு சிலருக்கு வயிற்றுக் கோளாறு தரும். உண்மையான லில்லியை டே லில்லி என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. பூனை வளர்ப்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். இச்செடியின் எந்தப் பகுதியைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும். அத்தகைய வீட்டில் இதை நடாமல் இருப்பதே மேல்.

மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் புதர் நெருங்கி, நடுப்பகுதியில் பூ குறையத் தொடங்கும். உரம் போதவில்லை என்று பலர் நினைப்பர். உண்மையில் இடம் போதவில்லை. அப்போது புதரை முழுவதுமாகத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, இரண்டு மூன்று இலை விசிறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். இலைகளைச் சாண் நீளத்திற்கு வெட்டிவிட்டால் நீர் இழப்பு குறையும். ஒரு துண்டைப் பழைய இடத்திலேயே நடலாம். மீதித் துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் சில நாள் தாங்கும். அதற்குள் அடுத்த வீட்டுக்கோ, வேலை மாறித் தோட்டத்தை விட்டுப் போகும் குடும்பத்துக்கோ கொடுத்துவிடலாம். புதிய இடத்தில் வேர் பிடித்துப் பூப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.