மஞ்சள் விமானத்தை எவ்வளவு நம்பலாம்?

உம்ராவுக்குப் போன உம்மா திரும்பி வருகிறார், கட்டாரில் வேலை செய்யும் மகன் விடுமுறையில் வருகிறார் என்றால், விமானம் நேரத்துக்கு வருகிறதா என்றறிய முன்பெல்லாம் விமான நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துத்தான் கேட்க வேண்டும். இப்போதோ வீட்டிலுள்ள சிறுபிள்ளைகூடக் கைபேசியைத் திறந்து, "உம்மும்மா ஓமானைத் தாண்டிட்டாங்க" என்று சொல்லிவிடுகிறது. திரையில் மெல்ல நகரும் அந்தச் சிறிய மஞ்சள் விமானத்தைப் பார்த்தபடியே தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்கும் தாய்மார் எத்தனையோ பேர்.

ஆனால் சில வேளைகளில் அந்தப் படம் நடுக்கடலில் அப்படியே நின்றுவிடும். அல்லது மறைந்தே போய்விடும். அந்த நேரத்தில் வீட்டில் ஏற்படும் பதற்றத்தைச் சொல்லத் தேவையில்லை. இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது, எதுவரை அதை நம்பலாம் என்பதைப் பயணம் செய்பவரைவிட, வீட்டில் காத்திருப்பவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

விமானமே சொல்கிறது

2005இல் அமெரிக்காவில் 'ப்ளைட் எவெயார்' என்ற சேவை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சுவீடனில் விமானப் பிரியர்கள் இருவர் 'ப்ளைட்ராடார்24' சேவையை ஆரம்பித்தார்கள். இவற்றின் பெரும்பாலான தகவல்கள் அரசாங்க ராடார்களிலிருந்து வருவதாக நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. விமானத்திலுள்ள கருவி, தான் நிற்கும் இடத்தை ஜீ.பீ.எஸ். செய்மதிகளின் உதவியால் அறிந்து, அதை வானொலி அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே செல்கிறது. தரையில் சிறிய பெட்டி ஒன்றும் ஓர் அன்டெனாவும் வைத்திருப்பவர் யாராயினும் அதைப் பிடிக்கலாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் தத்தம் வீட்டுக் கூரைகளில் இதைப் பொருத்தி, கிடைப்பதை இச்சேவைகளுக்கு அனுப்புகிறார்கள். நாம் பார்க்கும் வரைபடம் இப்படித்தான் உருவாகிறது.

உயரத்தில் பறக்கும் விமானத்தின் சமிக்ஞை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம்வரை தரையை எட்டும். கடலின் நடுவில் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. வளைகுடாவிலிருந்து நம் நாட்டுக்கு வரும் விமானங்கள் அரபிக்கடலைக் கடக்கும்போது, ஓமான் கரையும் எட்டாத, இந்தியக் கரையும் எட்டாத ஓர் இடைவெளி வரும். அங்கே நாம் காண்பது பல வேளைகளில் கணக்கிட்டுப் போட்ட ஊகம்தான். முந்திய வேகத்தையும் திசையையும் வைத்துக் கணினி தானாகவே படத்தை நகர்த்துகிறது. பின்னர் இந்தியக் கரையை அண்மித்ததும் படம் சட்டென்று வேறோர் இடத்துக்குத் தாவும். விமானம் தாவவில்லை, ஊகம் திருத்தப்பட்டது. 2019 முதல் செய்மதிகள் மூலமாகவும் இந்தச் சமிக்ஞைகள் சேகரிக்கப்படுகின்றன. ப்ளைட்ராடார்24இல் நீல நிறத்தில் தெரியும் விமானங்கள் அவ்வாறு கண்டறியப்பட்டவை. எல்லா விமானங்களும் எல்லா நேரமும் அப்படிக் கிடைப்பதில்லை.

தரையிறங்கப் போகும் கடைசி நிமிடங்களிலும் இதே கதைதான். தாழப் பறக்கும்போது மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் சமிக்ஞை அறுந்துபோகலாம். நீர்கொழும்புக்கு மேலே படம் காணாமற்போனால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சமிக்ஞை நின்றால் படம் நிற்கும், விமானம் நிற்பதில்லை என்பதற்கு மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. 2014 மார்ச் 8ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் பீஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்.எச்.370 விமானம், அதிகாலை 1.21க்குத் திரைகளிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில்தான் விழுந்தது என்று நினைத்து முதலில் தென்சீனக் கடலைத் தேடினார்கள். ஆனால் காலை 8.19 வரை அந்த விமானம் ஒரு தொடர்பாடல் செய்மதியுடன் தொடர்பில் இருந்தது பின்னர் தெரியவந்தது. அது சென்றதோ இந்து சமுத்திரத்தின் தென்பகுதிக்கு.

விமானம் சொல்வதே பிழையாகும் சந்தர்ப்பமும் உண்டு. யுத்தம் நடக்கும் பிரதேசங்களில் பொய்யான ஜீ.பீ.எஸ். அலைகளைப் பரப்புகிறார்கள். 2024இல் மத்தியதரைக் கடலின் கிழக்கே பறந்துகொண்டிருந்த பல விமானங்கள், பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகத் திரையில் தோன்றியது இதனால்தான்.

குறைகளை மட்டுமே சொன்னால் நீதியாகாது. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவிலிருந்து சிங்கப்பூர் சென்ற சவூதியா எஸ்.வி.788 விமானத்தை, அவ்வேளையில் உலகில் வேறெந்த விமானத்தையும்விட அதிகமானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூன் 23 இரவு கட்டார் தன் வான்பரப்பை மூடியபோது, டோஹா நோக்கிச் சென்ற விமானங்கள் திரும்பியதையும் வேறு நாடுகளில் இறங்கியதையும் குடும்பத்தினர் வீட்டிலிருந்தே கண்டார்கள். என் பிள்ளை எந்த நாட்டில் இறங்கியிருக்கிறான் என்பதை அறிந்துகொள்ள முடிந்ததே, அது சிறிய ஆறுதலா?

ஆனால் இதே திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பும் பழக்கம்தான் ஆபத்தானது. '7700' என்ற இலக்கம் சிவப்பில் தெரிந்தால் உடனே "பிளேன் விழப்போகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அது பொதுவான அவசரக் குறியீடு. பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தாலும் விமானி அதையே போடக்கூடும். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி நமக்குச் சொல்லித்தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, அதே விமானத்தில் வருபவரின் தாய்க்கு இதை அனுப்பலாமா?

வான் எத்தனை மணிக்குப் புறப்படுவது?

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உள்ள சிக்கல் வேறு. அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு வான் வர ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். ஜித்தாவிலிருந்து விமானம் வர அவ்வளவு நேரம் எடுக்காது. ஆகவே அங்கே விமானம் கிளம்புமுன்னரே இங்கே வான் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் வரைபடத்தில் பார்க்க எதுவும் இருக்காது. அங்கு காட்டப்படும் நேரம் வெறும் அட்டவணை நேரமாகவே இருக்கும். ஆகவே விமானக் கம்பனி அனுப்பும் குறுஞ்செய்தியையும், 'போர்டிங்' முடிந்ததும் பயணி தரும் ஒரு கோலையும்தான் நம்ப வேண்டும்.

நேரம் பார்க்கும்போது அது இலங்கை நேரமா, சவூதி நேரமா என்பதையும் கவனியுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டரை மணித்தியால வித்தியாசம் உண்டு. நள்ளிரவுக்குப் பின் வரும் விமானமாயின் திகதியும் மாறிவிடும். அதே இலக்கத்தில் நேற்றைய விமானமும் இன்றையதும் இருக்கும் என்பதால் திகதியைச் சரிபார்க்காவிட்டால் வீணாகக் கலங்க நேரிடும். 'தரையிறங்கிவிட்டது' என்று கண்டதும் வாசலில் போய் நிற்கவும் வேண்டாம். குடிவரவு, பயணப்பொதி, சுங்கம் எல்லாம் முடிந்து, ஸம்ஸம் கேனையும் தேடியெடுத்து உம்மா வெளியே வருவதற்குள், வானில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, தொழுகையையும் முடித்துக்கொள்ளலாம்.