நாள் எண்ணும் வேலை யாருடையது?

ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் வருகிற ஊர் அத்திபெலே. சுற்றிலும் கம்பெனிகள், அவற்றை நம்பி வந்தவர்களுக்கு லைன் வீடுகள். ஒரே அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே சந்தில் கேட்கும். நோட்டும் பையுமாக அங்கே வருகிற சுகாதாரத் தொண்டரான ஆஷா ஊழியருக்கு முதலில் வேண்டியது ஒரு தேதி. "கடைசியா எப்போ குளிச்சே?" கேட்பது மாதவிலக்கைத்தான். எத்தனை மாதம், ஊசி எப்போது, பிரசவம் எப்போது என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்குகிறது. ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகிறவளுக்குக் கிழமையே மறந்துபோகும்போது தேதி எங்கே நினைவிருக்கும்?

கருவைத் தள்ளிப்போட நினைத்தாலும் இதே நாள் கணக்குத்தான் குறுக்கே வந்தது. கருத்தடையோடு மல்லுக்கட்டிய வரலாறு இந்தப் பக்கத்துக்கு உண்டு. 1930இலேயே அரசு மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்கள் திறக்க மைசூர் சமஸ்தானம் உத்தரவிட்டது. உலகில் ஓர் அரசு இப்படிச் செய்தது அதுவே முதல்முறை என்பார்கள். 1950களின் தொடக்கத்தில் பெங்களூருக்கு மறுபக்கமுள்ள ராமநகரத்தில் இன்னொரு சோதனை நடந்தது. அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. கருத்தடைச் சாதனங்களை விரும்பாதவர். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்த அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன், நாள் பார்த்து விலகியிருக்கும் முறையைக் கற்பிக்கப் பாசிமணி மாலைகளைக் கொடுத்தார். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பச்சை வந்தால் பயமில்லை, சிவப்பு வந்தால் விலகல்.

இருட்டில் பச்சை எது, சிவப்பு எது? நிறத்தோடு மணியின் வடிவத்தையும் மாற்றினார்கள். மணிகள் தவறான பக்கம் நழுவின; அதற்கொரு கொக்கி வைத்தார்கள். மணியைத் தள்ளினாலே கரு நிற்காது என்று நம்பியவர்களும் இருந்தார்களாம். திட்டம் எடுபடவில்லை. விலகியிருக்க வேண்டியவர் கணவர், மாலையோ மனைவியிடம்!

பெண்களைப் பார்த்துச் சிரிக்க இதில் ஒன்றுமில்லை. உடலின் கணக்கே அப்படி. கருமுட்டை வெளிவருவது ஏறத்தாழ அடுத்த மாதவிலக்குக்கு 14 நாள் முன்பு. அடுத்தது என்றைக்கு என்று அது வந்த பிறகுதான் தெரியும். முட்டை உயிரோடிருப்பது ஒரு நாள். விந்தணுவோ ஐந்து நாள்வரை காத்திருக்கும். 26 முதல் 32 நாளுக்குள் சுழற்சி ஒழுங்காக வருகிறவர்களுக்கு, 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள்வரை விலகினால் போதும் என்று பின்னாளில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டு, 32 மணிகளில் புது மாலையே செய்தார்கள். ஓராண்டு சரியாகப் பின்பற்றிய நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்குத்தான் கரு நின்றது. ஸ்டோனின் யோசனை அடியோடு தப்பில்லை.

ஆனால் இடைவெளி அதிகம் தேவைப்படுகிற பெண்ணுக்கு, அதாவது கைக்குழந்தைக்காரிக்கு, எந்த மாலையும் உதவாது. பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு வருமுன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். எண்ணத் தொடங்க முதல் மணியே இல்லை. "இன்னும் குளிக்கலியே" என்று இருக்கும்போதே அடுத்தது தரித்துவிடும். தாயின் உடலில் இரும்புச்சத்து தேறியிருக்காது; மடியிலிருக்கும் பிள்ளைக்குப் பால் குறையும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு ஆண்டாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சென்ட்குரோமன் கருத்தடை மாத்திரை என்னை வியக்க வைக்கிறது. 1991இல் 'சஹேலி' என்று விற்பனைக்கு வந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் 'சாயா' என்ற பெயரில் இலவசம். இது ஹார்மோன் அல்ல. கருமுட்டை வழக்கம்போல வெளிவரும்; கருப்பையின் உள்சுவர் மட்டும் கருவை ஏற்கிற பக்குவத்தை அடையாது. இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்றே போதும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறும் புதனும். அப்புறம் ஞாயிறு மட்டும். தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாம். ராமநகரத்தில் ஒருத்தி இருட்டில் தடவிப் பார்த்துச் செய்த வேலையில் பெரும்பகுதியை மருந்தே செய்துவிடுகிறது.

மீதிக் கணக்கு ஆஷாவுடையது. மருத்துவமனையில் பிரசவமான வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் அவர் போக வேண்டும்: குழந்தையை எடை போட, காய்ச்சலா என்று பார்க்க, தாயிடம் அடுத்த குழந்தையைப் பற்றிப் பேச. மாதச் சம்பளக்காரர் அல்ல இவர், மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான்.

உங்கள் தெருவுக்கு அவர் வந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், கல்லீரல் கோளாறோ சினைப்பை நீர்க்கட்டியோ உள்ளவர்களுக்குச் சாயா ஆகாது. அவர்கள் டாக்டரிடம் வேறு வழி கேட்கவேண்டும். கூடவே கணவரையும் அழைத்துப் போங்கள்.