அட்டை தொலைந்த கேசட்டும் அதிலிருந்த கிட்டாரும்

எங்கள் திண்டிவனம் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. அப்பா அதன் மேல் பேனாவால் ‘புல்லாங்குழல்’ என்று எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதுதான் ஓடும். கேட்கும்போது மூன்று வாத்தியம் இருப்பது தெரியும். ஒன்று புல்லாங்குழல், சந்தேகமில்லை. இன்னொன்று ஓட்டு விளிம்பிலிருந்து மழைத்தண்ணி சொட்டுகிற மாதிரி விழும். அது சந்தூர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூன்றாவது, தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இழுத்து இழுத்துப் போகும். அது என்ன என்பதில்தான் வீட்டில் தகராறு.

“கோட்டு வாத்தியம்டா” என்பார் அப்பா. சென்னை வானொலி கேட்டு வளர்ந்த காது.

“வடக்கத்தி சங்கீதத்துல கோட்டு வாத்தியம் எங்கப்பா வந்துச்சு? அது சரோட்” என்பேன் நான். பல வருஷம் இதை நண்பர்களிடமும் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அது கிட்டார். வாசித்தவர் பிரிஜ் பூஷண் காப்ரா. அந்த கேசட், எச்.எம்.வி. 1967-இல் வெளியிட்ட ‘கால் ஆஃப் தி வேலி’ என்ற இசைத்தட்டின் நகல். தயாரித்தவர் ஜி.என்.ஜோஷி. சந்தூர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, தபலா மாணிக்ராவ் போபட்கர். காஷ்மீரத்து மேய்ப்பன் ஒருவனின் ஒரு நாளை ராகங்களால் சொல்லிப் பார்ப்பதுதான் திட்டம். காலைக்கு ஆஹிர் பைரவ். நம் சக்கரவாகம் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். நடுவில் பூப் வரும், அது நம்முடைய மோகனம். கடைசியில் பஹாடி, மலைநாட்டுப் பாட்டின் வாசனை அடிக்கிற ராகம்.

சரி, கிட்டார் எப்படி இப்படிப் பேசும்? கல்யாணக் கச்சேரி மேடையில் நாம் பார்த்த கிட்டார் இப்படி ஒருநாளும் பேசியதில்லையே?

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்திருப்பார்கள். தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்றால் முதல் கட்டை சுமார் 3.65 சென்டிமீட்டரில் வரும். அங்கே அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறும். அடுத்த கட்டையில் இன்னொரு அரை. படிக்கட்டு மாதிரி. இரண்டு படிக்கு நடுவில் நிற்க இடம் கிடையாது. நம் இசை உயிரோடு இருப்பதோ பெரும்பாலும் அந்த நடு இடத்தில்தான்.

வீணையிலும்தான் மெட்டு இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்பவை. அவற்றின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் நன்றாக இழுத்து அசைக்கலாம். கிட்டாரில் கட்டை தாழ்வு, ஆறு தந்தியும் நெருக்கம், இழுக்க அவ்வளவு தாராளம் இல்லை. அதிலேயே இழுத்து முழு கர்நாடகக் கச்சேரி செய்கிற ஆர்.பிரசன்னா போன்றவர்கள் உண்டு. காப்ரா போனது வேறு வழி.

கிட்டாரை மடியில் படுக்க வைத்தார். தந்தியைத் தூக்கிக் கட்டினார். இடது கையில் ஒரு உலோகத் துண்டு, அதைத் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போவார். தந்தி கட்டையைத் தொடவே தொடாது. அதாவது படிக்கட்டு இருக்கிறது, ஆனால் அதன் மேல் சறுக்குமரம் போட்டாயிற்று. சுருதிக்குத் தனியாக ஒரு தந்தியும் சேர்த்துக்கொண்டார். இந்த வழுக்கும் முறை ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. இந்தியாவில் அதற்கு முன்பே பழக்கம்தான். வான் ஷிப்லி சினிமாப் பாட்டு வாசித்தார், வங்காளத்தில் சுனில் கங்குலி ரவீந்திர சங்கீதம் வாசித்தார். காப்ரா அதை அலி அக்பர் கானிடம் கொண்டுபோய் ராகம் கற்றுக்கொண்டார்.

இந்த முறையில் கஷ்டமும் உண்டு. விரல் நாலு இடத்தில் தாவும், உலோகத் துண்டு ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். வேகமாகத் தாண்டி வாசிப்பது பெரும்பாடு. சந்தூர் நேர்மாறு. குச்சியால் தட்டுகிற வாத்தியம், எவ்வளவு வேகமும் போகும், ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்க வராது. புல்லாங்குழல் இழுக்கும், ஆனால் மூச்சு விட்டுத்தான் ஆகவேண்டும். இந்த இசைத்தட்டு ஏன் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதற்கு என்னிடம் உள்ள விளக்கம் இதுதான்: சொட்டுக்கும் மூச்சுக்கும் நடுவில் நூல் கோப்பது கிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தூர் காஷ்மீரத்து சூஃபி இசையில் இருந்த வாத்தியம். புல்லாங்குழலை மாடு மேய்ப்பவன் வாத்தியம் என்றே வைத்திருந்தார்கள். பன்னாலால் கோஷ்தான் அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். கிட்டார் சினிமாக்காரன் வாத்தியம். ‘பெரிய சங்கீதத்துக்கு லாயக்கில்லை’ என்று கேட்டுக்கேட்டுப் பழகிய மூன்றும், முப்பதை ஒட்டிய வயதில் இருந்த மூன்று பேர் கையில் அங்கே சேர்ந்தன.

அப்புறம் மூவரில் இருவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. சிவ்-ஹரி என்ற பெயரில் ‘சில்சிலா’, ‘சாந்தினி’ என்று இந்திப் படங்களுக்கும் இசையமைத்தார்கள். கிட்டாருக்கு உலகப்புகழ் வந்தது 1994-இல், விஷ்வ மோகன் பட் ரை கூடருடன் கிராமி வாங்கியபோது. அவர் தன் வாத்தியத்துக்கு மோகன வீணை என்று பெயர் வைத்திருந்தார். காப்ரா கடைசிவரை கிட்டார் என்றே சொல்லி, தேபாசிஷ் பட்டாச்சார்யா போன்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, 2018-இல் மறைந்தார். கிட்டார் என்று எழுதியிருந்தும் காது அதை கிட்டாராகக் கேட்கவில்லை என்றால், வாசித்தவர் பெயரை யார் தேடப்போகிறார்கள்? நானே தேடவில்லையே. சரோட் என்று முடிவு கட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

இனி கேட்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு ஸ்வரம் மெல்லிய மீட்டலோடு தொடங்கி, அறுபடாமல் வழுக்கி இன்னொரு ஸ்வரத்தில் போய் உட்கார்ந்தால் அதுதான் காப்ரா. மீட்டல் இல்லாமல் காற்றோடு தொடங்கினால் குழல். இரண்டு முறை கேட்டால் காது பிரித்துவிடும்.

அப்பாவிடம் போன மாதம் இதையெல்லாம் சொன்னேன். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டும். கோட்டு வாத்தியத்திலும் மெட்டு கிடையாது, இடது கையில் ஒரு உருளைக்கட்டையை வைத்துத் தந்தி மேல் வழுக்கித்தான் வாசிப்பார்கள் என்பது, நாராயண ஐயங்காரை ரேடியோவில் கேட்ட அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

“வாத்தியம் தப்பு, சரி. கையைச் சரியாத்தான சொன்னேன்?” என்றார்.

ஆமாம். நான்தான் இரண்டையும் தப்பாகச் சொன்னேன். கேசட்டின் மேல் ‘புல்லாங்குழல்’ என்பதற்குக் கீழே, இடம் இருந்த வரைக்கும், நாலு பேர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.