பயணத்திற்கு எக்கமெரா? எவ்வில்லை?

கோடை விடுமுறை அண்மிக்கும்போதெல்லாம் எமது பாடசாலையின் தேநீர் மேசையருகே பெற்றோர் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்கள் வினவுவது பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றியன்று. "மாஸ்ரர், ஊருக்குப் போறம், நல்ல கமெரா ஒண்டு சொல்லுங்கோ" என்பதே அவ்வினா. ஊரில் நான் விஞ்ஞானம் கற்பித்தவன் என்பதும், இங்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கமெராவுடன் அலைபவன் என்பதும் இதற்குக் காரணங்களாகலாம். நின்ற நிலையிற் பலருக்கும் சொன்ன மறுமொழியை இவ்வாண்டு மலரிலே சற்று விரித்தெழுத எண்ணினேன்.

முதலில் என் பிழையைக் கூறிவிடுகிறேன். 2009 இல் நாட்டைவிட்டு வெளியேறிய நான், 2014 இலேயே அம்மாவை மீண்டும் காணும் வாய்ப்பைப் பெற்றேன். கையிலிருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதனைக்கொண்டு பிறந்த நாட்டிற்குச் செல்ல இயலாது. ஆகையால் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வந்தார். நாம் ஒஸ்லோவிலிருந்து சென்றோம். இச்சந்திப்பிற்கெனவே பெருந்தொகை கொடுத்துக் கமெரா ஒன்றும், 70 முதல் 200 மி.மீ. வரையிலான பெரிய சூம் வில்லை ஒன்றும் வாங்கியிருந்தேன். "பயணத்திற்கு இதுதான் சிறந்தது" என்று கடைக்காரர் கூறினார், நானும் நம்பினேன். கமெராவுடன் வந்த 18-55 மி.மீ. சிறு வில்லையையும் சேர்த்துப் பை ஏறக்குறைய மூன்று கிலோ.

முதலிரு நாள்களும் மலைக்கோட்டையையும், 1987 இல் கட்டி முடிக்கப்பட்ட திருவரங்கத்துப் பதின்மூன்று நிலை இராசகோபுரத்தையும் சலிக்கச் சலிக்கப் படம் பிடித்தேன். மூன்றாம் நாள் தோள் வலித்தமையாற் பையை விடுதியில் வைத்துவிட்டேன். அன்று மாலையே அம்மா குசினி நிலத்தில் அமர்ந்து என் மகளுக்குச் சோறு குழைத்து ஊட்டினார். மறுநாள் அதே வேளையிற் கமெராவுடன் சென்றேன். பெரிய வில்லைக்கு அந்தச் சிறிய அறை போதவில்லை. பின்னே நகரச் சுவர் தடுத்தது. சிறிய வில்லையோ ஒற்றை மின்குமிழின் வெளிச்சத்தில் அம்மாவின் கையைப் புகையாகப் பதிந்தது. மின்னொளியைப் பாய்ச்சியபோது அம்மா கண்களை மூடிக்கொண்டார். ஊர் திரும்பி எண்ணிப் பார்த்தேன்: ஆயிரத்து நானூறு படங்கள். அவற்றுள் அம்மாவின் முகம் தெளிவாக விழுந்தவை நான்கு. நான்கும் நண்பகல் வெயிலிற் கண்ணைச் சுருக்கியபடி தெருவில் நின்றவை. அம்மா 2017 இற் காலமானார்.

அப்படங்கள் ஏன் பழுதாயின என்பதை நான் அறியாதவனல்லன். பால்மா ரின்னின் அடியில் ஊசியாற் துளையிட்டு, மறுபுறம் எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, தலைகீழாய்த் தெரியும் தென்னையை எட்டாம் வகுப்பு மாணவருக்குக் காட்டியவன் நான். துளையைப் பெருப்பித்தால் ஒளி கூடும், ஆனால் உருவம் மங்கும். அம்மங்கலை நீக்கவே வில்லை. கற்பித்ததை வாங்கும்போது மறந்துபோனேன், அவ்வளவே.

வில்லையின் மீது இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று மில்லிமீற்றரிற் குவியத்தூரம். மற்றையது எஃப் எண். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும், 50 மி.மீ. வில்லையின் துவாரம் 25 மி.மீ. அகலமாயின் அது எஃப் 2. எண் சிறியதாயிற் துவாரம் பெரியது. ஒளியின் அளவு துவாரத்தின் பரப்பைப் பொறுத்தமையால் வேறுபாடு வர்க்கமாகப் பெருகும். என் சிறிய வில்லை நீட்டிய நிலையில் எஃப் 5.6. அதே அறையில் எஃப் 1.8 வில்லை ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விட்டிருக்கும். செக்கனின் ஆறிலொரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய கமெராவுக்கு அறுபதிலொரு பங்கே போதுமானதாயிருக்கும். சோறூட்டும் கை அந்நேரத்துள் அதிகம் அசையாது. இன்றைய வில்லைகளிலும் கமெராக்களிலும் நடுக்கந் தடுக்கும் அமைப்பு உண்டு. அது நம் கையின் நடுக்கத்தையே தடுக்கும், எதிரே இருப்பவரின் அசைவையன்று. இதனைக் கடைகளில் எவரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

ஆகவே என் முதல் அறிவுரை: சூம் செய்ய இயலாத, குவியத்தூரம் மாறாத, எஃப் 1.8 அல்லது எஃப் 2 வில்லை ஒன்றை வாங்குங்கள். பெரிய நிறுவனங்களின் 50 மி.மீ. எஃப் 1.8 வில்லைகளுட் சில 200 கிராமுக்கும் குறைந்தவை. விலையும் வில்லைகளுள் மிகக் குறைந்தது. "சூம் இல்லாமல் என்ன செய்வது?" என்பர் சிலர். இரண்டடி முன்னே நடக்கலாம். கார்த்தியே-பிறசோன் என்னும் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் உலகெங்கும் அலைந்து எடுத்த படங்களுட் பெரும்பாலானவை ஒரு சிறிய லைக்காவிலும் 50 மி.மீ. வில்லையிலும் எடுக்கப்பட்டவையே. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: குடும்பத்தார் இரு வரிசையில் நிற்கும் படத்தை எஃப் 1.8 இல் எடுத்தாற் பின்வரிசை மங்கிவிடும். அப்போது எஃப் 5.6 அளவிற்குத் துவாரத்தைச் சுருக்குதல் வேண்டும்.

50 மி.மீ. என்பது எல்லாக் கமெராவிலும் ஒரே காட்சியைத் தருவதில்லை. ஒளியுணரியின் பருமனைப் பொறுத்து அது மாறும். சினிமாச் சுருளைக்கொண்டு ஒஸ்கார் பர்னாக் என்னும் ஜேர்மானியர் வடிவமைத்து, 1925 இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா, 36 க்கு 24 மி.மீ. அளவான படத்தைப் பதிந்தது. அவ்வளவே இன்றும் முழுச்சட்டகம் எனப்படுகிறது. இதனிற் சிறியது ஏபிஎஸ்-சி; அதன் உணரி ஏறக்குறைய 23.5 க்கு 15.6 மி.மீ. அதிற் பொருத்தும் வில்லையின் எண்ணை 1.5 ஆற் பெருக்கிக் கொள்ளவேண்டும், கனொனில் 1.6. ஆகவே அத்தகைய கமெராவில் 35 மி.மீ. வில்லையே முழுச்சட்டகத்தின் 50 மி.மீ. காட்சியைத் தரும். மைக்ரோ நான்கின் மூன்று என்னும் வகையில் இரண்டாற் பெருக்குக. அங்கு 25 மி.மீ. வேண்டும். இக்கணக்கு அறியாது முழுச்சட்டகத்தாருக்கான அறிவுரையைக் கேட்டு, ஏபிஎஸ்-சி கமெராவுக்கு 50 மி.மீ. வாங்கி, வீட்டுக்குள் ஒருவரின் முகத்திற்கு மேல் எதுவும் அடங்கவில்லையென வருந்தியவர் எம்மிடையே உளர்.

எந்தக் கமெரா என்பது அடுத்த கேள்வி; உண்மையில் அது சிறிய கேள்வி. கனொனும் நிக்கொனும் 2018 இல் முழுச்சட்டக ஆடியற்ற கமெராக்களுக்குப் புதிய பொருத்துவாய்களை வெளியிட்டன. சோனி 2013 இலேயே அவ்வழியிற் சென்றிருந்தது. பலர் புதியவற்றுக்கு மாறியமையால் ஆடியுள்ள பழைய கமெராக்கள் பயன்படுத்திய நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. பயணத்திற்கு ஏபிஎஸ்-சி அளவே போதுமென்பது என் கருத்து. கமெராவும் வில்லைகளும் பொதுவாகச் சிறியவை, பாரமும் குறைவு. மெகாபிக்சல் எண்ணிக்கையில் மயங்கவேண்டாம். ஏ4 தாளிற் செப்பமாக அச்சிட ஒன்பது மெகாபிக்சலும் தேவையில்லை. இன்று விற்பனையாகும் கமெராக்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டியவை. கையிலெடுத்துப் பாருங்கள். நாள் முழுவதும் கழுத்திற் கிடக்குமா, அல்லது விடுதியிற் கிடக்குமா என்பதே சோதனை.

கைத்தொலைபேசியைப் பழிக்கமாட்டேன். எப்போதும் கையிலிருப்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அதன் முதன்மை வில்லை அகலக் கோணமுடையது. முகத்தைச் சட்டகம் நிரம்ப எடுக்க மிக அருகிற் செல்ல வேண்டியிருத்தலால் மூக்குப் பருத்துக் காது சிறுத்துவிடும். குழுப்படத்தின் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா அகன்று தெரிவார். பாட்டியின் முகத்தைத் தொலைபேசியில் எடுப்பதாயின் ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று, இரட்டிப்பு அளவில் எடுங்கள், சாளரத்தருகே அமர்த்துங்கள், மின்னொளியை அணைத்துவிடுங்கள்.

இந்நாட்டு ஃபியோர்டுகளுக்கும் மலைகளுக்கும் செல்வோர் அகலக் கோண வில்லை கேட்பர். நான் எடுத்துச் செல்வதுண்டு. ஆயினும் மலையை அகல வில்லையில் எடுத்தால் அது குன்றாகச் சிறுத்துவிடும் என்பதைப் பலர் படம் பார்த்த பின்னரே அறிகின்றனர். பறவைகளையும் விலங்குகளையும் விரும்புவோருக்கன்றிப் பெருந்தொலைப்பட வில்லை பயணத்தில் வீண் பாரம்.

குளிர்காலத்தில் மின்கலம் விரைவில் வலுவிழக்கும். மேலதிகமான ஒன்றை உட்சட்டைப் பையில் உடற்சூட்டில் வையுங்கள். வெளியிலிருந்து வீட்டினுள் நுழையுமுன் கமெராவைப் பிளாஸ்ரிக் பையிலிட்டு இறுகக் கட்டுங்கள்; நீராவி பையின்மேற் படியும், வில்லையின்மேற் படியாது. ஊரில் இது மறுதலையாக நிகழும்: குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் வில்லை பனித்துவிடும். துடைக்காமற் சிறிது பொறுத்தால் தானே தெளியும். விமானத்தில் மேலதிக லித்தியம் மின்கலங்களைக் கைப்பையிலேயே கொண்டுசெல்லல் வேண்டும், பொதிகளில் இடலாகாது. கோயிலின் உட்புறத்தில் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். காவலரண்களின் அருகே கமெராவை வெளியிலெடுக்கவே வேண்டாம்.

படங்களை இரு வேறிடங்களிற் பிரதி செய்து, சிறந்த இருபதையேனும் தாளில் அச்சிடுங்கள். இடப்பெயர்வுகளில் எமது வீட்டு அல்பங்கள் மூன்றும் போயின. எஞ்சியது அப்பாவின் திருமணப் படம் ஒன்றே. அதுவும் கொழும்பிலிருந்த மாமி வீட்டுச் சுவரில் வேறொரு பிரதி தொங்கியமையால்.

என் பெரிய வில்லையை 2018 இல் விற்றுவிட்டேன். அப்பணத்தின் ஒரு பகுதியில் 35 மி.மீ. எஃப் 1.8 வில்லை ஒன்றை வாங்கினேன். அது நிக்கொனின் ஆடியுள்ள ஏபிஎஸ்-சி கமெராக்களுக்குப் பொருந்தும். தாய் தந்தையரைக் காணச் செல்லும் எம் பாடசாலைப் பெற்றோர் எவரும் அதனை இரவலாகப் பெறலாம். வகுப்பு முடிந்தபின் என்னிடமுள்ள கொப்பியிற் பெயரையும் பயண நாளையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். ஆடி மாதத்திற்கு இருவர் ஏற்கெனவே பதிந்துள்ளனர்.