அடிக்கடி வெளியூர் போகும் மீன் வளர்ப்பவருக்கு எந்தத் தவளை?

மீன்தொட்டி வைத்துப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் தவளை மீது ஆசை வரும். கடையில் பார்த்ததும் பிடித்துப்போவது பெரும்பாலும் மரத்தவளை. ஆனால் மாதத்தில் பத்து நாள் வேலைக்காக வெளியூரில் இருப்பவர் தவளையின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது எப்படித் தண்ணீர் குடிக்கிறது, எதைத் தின்கிறது, ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அதே தோல் வழியாக உடலின் ஈரம் வெளியேறியும் விடுகிறது. அதனால் மரத்தவளையின் கூண்டில் அடிக்கடி தண்ணீர் தெளித்து ஈரப்பதத்தைக் காக்க வேண்டும். தீனியாக உயிருள்ள பூச்சிகளைப் போட வேண்டும். பளிச்சென்ற நிறமுள்ள அம்புநச்சுத் தவளைகளுக்குப் பழ ஈக்களைத் தொடர்ந்து வளர்த்துப் போட்டாக வேண்டும். தென் அமெரிக்கக் கொம்புத் தவளையை ‘பேக்மேன்’ என்ற பெயரில் விற்கிறார்கள். வளர்ந்த கொம்புத் தவளைக்கு வாரம் ஒரு வேளை தீனி போதும் என்பதால் பயணம் செய்பவருக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது ஈர மண்ணில் புதைந்து வாழ்வது. பூட்டிய வீட்டில் மண் காய்ந்தால் அதற்கு ஆபத்து. மேலும், மீன் வளர்த்துத் தேர்ந்த கைக்கு அங்கே வேலையே இல்லை.

தண்ணீரைப் பக்குவமாக வைத்திருக்கத் தெரிந்தவருக்கு, தண்ணீரிலேயே ஆயுள் முழுதும் கழிக்கும் தவளைதான் சரி. நான் முதலில் சொல்வது ஆப்பிரிக்கக் குள்ளத் தவளையை. நைஜீரியா, கேமரூன், காங்கோப் பகுதிகளின் ஆழமற்ற, நிழல் படிந்த நீர்நிலைகள் இதன் சொந்த ஊர். உடல் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம், நன்றாகப் பராமரித்தால் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழும். இந்தக் குடும்பத்துத் தவளைகளுக்கு நாக்கு கிடையாது. தீனி அருகில் வந்ததும் வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்வை மங்கல், வாசனையாலும், மீன்களுக்கு இருப்பதுபோல் உடலோரத்தில் நீரின் அசைவை உணரும் உறுப்பாலும் இரையைத் தேடும். ஆண் தவளை இரவில் தண்ணீருக்குள்ளிருந்து மெல்லிதாக ரீங்கரிக்கும்.

இவை நுரையீரலால் மூச்சு விடுபவை. அடிக்கடி மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர் நிலைமையில் இது பெரிய வசதி. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் நெரிசலான தொட்டியில் மீன்கள் மூச்சுக்குத் திணறும். குள்ளத் தவளைக்கு அந்தக் கவலை இல்லை. பதிலுக்கு அது கேட்பவை சில உண்டு. நீரின் ஆழம் ஓரடிக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் இது வலுவான நீச்சல்காரன் அல்ல. ஃபில்டரின் நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட வேண்டும். மூடியில் விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது; வெளியே குதித்த தவளை சில மணி நேரத்தில் காய்ந்து இறந்துவிடும், ஆள் இல்லாத வீட்டில் யாரும் எடுத்துவிட மாட்டார்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். குள்ளத் தவளை என்று சொல்லி ஆப்பிரிக்க நகத் தவளையின் குஞ்சைக் கொடுத்துவிடுவது உலகெங்கும் நடக்கிறது. முன்னங்காலைப் பாருங்கள். விரல்களுக்கு இடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் நகத் தவளை. கண்கள் தலையின் பக்கங்களில் இருந்தால் குள்ளம். உச்சியில் மேல்நோக்கி இருந்தால் நகம். கடைகளில் காணும் வெள்ளை, இளஞ்சிவப்புத் தவளைகள் நகத் தவளைகளே.

நகத் தவளையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. உயிரியலுக்கு அது செய்திருப்பது மிகப் பெரிது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் லான்சலாட் ஹாக்பென் செய்த ஆய்வுகளிலிருந்துதான் 1930-களில் கர்ப்பப் பரிசோதனைக்கு இதைப் பயன்படுத்தும் முறை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். அவர் கருவுற்றிருந்தால் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். 1960-கள் வரை மருத்துவமனைகள் இதை நம்பியிருந்தன. தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து முட்டையில் வைத்து இயல்பான தலைப்பிரட்டையை உருவாக்கலாம் என்று ஜான் கர்டன் 1962-இல் காட்டியதும் இதே இனத்தில்தான். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பல வாரம் தீனி இல்லாமலும் தாங்கும் உடல் அதற்கு. ஆனால் பெண் தவளை 10 செ.மீ.க்கு மேல் வளரும், பதினைந்து இருபது ஆண்டு வாழும், வாயில் நுழையும் மீனையெல்லாம் விழுங்கும். மீன்தொட்டியில் அதற்கு இடமில்லை. வைப்பதானால் தனித் தொட்டி, இருபது ஆண்டுப் பொறுப்பு.

குள்ளத் தவளைக்கும் தனித் தொட்டி தருவதே நல்லது. 40 லிட்டர் தொட்டியில் மூன்று நான்கு தவளைகள் நிம்மதியாக இருக்கும். மீன்களோடு விட்டால் தவளை முகர்ந்து தேடி வருவதற்குள் தீனியை மீன்கள் காலி செய்துவிடும். தவளை கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். அடியில் ஒரு மண் அகலை வைத்து, உறைந்த இரத்தப்புழுவைக் கரைத்து அதில் போட்டுப் பழக்கினால் இடத்தைக் கற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தீனி போதும். நன்கு தேறிய வளர்ந்த தவளை ஐந்தாறு நாள் பட்டினியைத் தாங்கும். மீனுக்கு வைக்கும் தானியங்கித் தீனிப்பெட்டி இங்கே உதவாது. அது கொட்டும் உலர்தீனி தவளையின் வாய்க்கு எட்டாமல் அழுகி அம்மோனியாவைக் கூட்டும். தவளையின் மெல்லிய தோல் முதலில் அதைத்தான் வாங்கிக்கொள்ளும்.

சென்னை, மதுரைக் கோடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை. ஜன்னல்களை அடைத்துவிட்டுப் போன வீட்டில் மே மாதம் தொட்டி நீர் 30-ஐத் தாண்டும். வீட்டின் குளிர்ந்த அறைக்குத் தொட்டியை மாற்றி, வலைமூடிக்கு மேலே சிறு விசிறியை டைமரில் ஓட விட்டால் சில டிகிரி இறங்கும். நீர் வேகமாக ஆவியாகும் என்பதால் கிளம்பும் முன் மட்டத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். மூடிக்குக் கீழே காற்றுக்கு விட்ட இடம் மட்டும் குறையக் கூடாது.

கைட்ரிட் என்னும் பூஞ்சை நோய் உலகில் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்களின் எண்ணிக்கையைச் சரித்திருக்கிறது. குள்ளத் தவளைகளையும் அது கொல்கிறது. புதிதாக வாங்கியதைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். தொட்டி நீரைக் குளத்திலோ வயலிலோ ஊற்றுவதும், வேண்டாத தவளையை ஏரியில் விடுவதும் கூடவே கூடாது. நகத் தவளை கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ் நீர்நிலைகளில் குடியேறிவிட்டதற்கு மனிதர் கைதான் காரணம்.

ஒரு வாரத்துக்கு உட்பட்ட பயணமானால், போவதற்கு இரண்டு நாள் முன் கால்பங்குத் தண்ணீரைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றி, கிளம்பும் நாளில் ஒரு வேளை தீனி கொடுத்துவிட்டுப் போகலாம். அன்று ஃபில்டரைக் கழுவ வேண்டாம். கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் குறைந்துபோகும். அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் உரிய புழுவைத் தனித்தனி உறையில் கட்டி அவர்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்து, உறைமேல் கிழமையை எழுதிக் கொடுங்கள். மறந்துவிட்டால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இப்படி உதவ யாரும் இல்லாதவர், மாதாமாதம் இரண்டு வாரம் வெளியே இருப்பவராகவும் இருந்தால், பயணம் குறையும்வரை மீன்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.