நைட்ரோ எஞ்சின் கார்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் திரளும்போது திருத்தணியில் பொம்மை வியாபாரம் சூடுபிடிக்கும். பேட்டரி கார் கேட்ட பிள்ளைகள், கைப்பேசியில் மண்மேட்டுப் பந்தயங்களைப் பார்த்துவிட்டு, புகை விடும் நைட்ரோ எஞ்சின் கார் கேட்கும் காலம் இது. வீட்டுப் பிள்ளைக்கு வாங்க நினைக்கும் வணிகரும், கொள்முதல் செய்ய எண்ணும் ஃபேன்ஸி கடைக்காரரும் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நலம்.

மண்தரைப் பந்தயத்தில் முக்கியமானது எட்டில் ஒரு பங்கு அளவுள்ள 'பக்கி' கார். இதற்கான உலகப் போட்டி 1986 முதல் நடக்கிறது. இதில் பொருத்துவது '21' எஞ்சின், அதாவது 0.21 கன அங்குலம், சுமார் 3.5 சி.சி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் குதிரைத்திறனைப் பார்த்து மயங்க வேண்டாம். மூட்டை ஏற்றிய வண்டி மலைப்பாதையில் ஏற என்ன தேவையோ அதுவே இங்கும் தேவை: குறைந்த சுற்றில் நல்ல இழுவை. புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று அல்லது ஐந்து போர்ட் எஞ்சினே போதும். ஏழு போர்ட் எஞ்சின் கைதேர்ந்தவர்களுக்கானது.

இந்த எஞ்சினின் பிஸ்டனில் ரிங் கிடையாது. பிஸ்டனும் சிலிண்டரும் அத்தனை நெருக்கமாகக் கடைந்திருக்கும். புது எஞ்சின் மேலே போய் இறுகுவது பழுதல்ல. ஆனால் நம் செம்மண் தூசி கொஞ்சம் உள்ளே போனாலும் அந்த நெருக்கம் போய்விடும். ஆகவே எண்ணெய் தடவிய நல்ல ஏர் ஃபில்டர் அவசியம். ஓடும்போது மெல்லிய புகை வர வேண்டும். புகை நின்றால் எரிபொருளோடு போகும் எண்ணெய் போதவில்லை என்று பொருள். க்ளோ பிளக், பேரிங், கிளட்ச் எளிதில் கிடைக்காத எஞ்சினை மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

இதில் பெட்ரோல் ஊற்ற முடியாது. க்ளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பி மெத்தனாலோடு வினைபுரிந்தே சூடு தாங்குகிறது. எரிபொருளில் பாதிக்கு மேல் மெத்தனால், 16 முதல் 30 சதவீதம் நைட்ரோமீத்தேன், மீதி மசகு எண்ணெய். நாம் கடையில் அளந்து ஊற்றும் விளக்கெண்ணெயின் இனம்தான் அந்த மசகிலும் சேர்கிறது! 125 மி.லி. டேங்க் பத்து நிமிடம்கூட ஓடுவது அரிது. ஒரு லிட்டருக்கு எட்டு டேங்க். செலவை நீங்களே கணக்குப் போடலாம்.

கவலை தருவதும் இந்த மெத்தனால்தான். 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்த விஷம் இதுவே. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 10 மி.லி. உள்ளே போனாலே கண்பார்வை பறிபோகலாம். பகல் வெளிச்சத்தில் இதன் தீச்சுடர் கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். கலவை எரிபொருளானாலும், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறாமல் ஒரு கேன்கூட இறக்க வேண்டாம். எல்லை தாண்டி மலிவாக வருகிறது என்று எவரேனும் லேபிளும் பில்லும் இல்லாத கேனை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மளிகைச் சரக்கின் பக்கத்திலோ தண்ணீர் பாட்டிலிலோ வைக்கவே கூடாது.

எரி எஞ்சின் மாடல்கள் பொம்மைத் தரச் சான்றின் வரம்பிலேயே வருவதில்லை. ஆகவே பண்டிகைக் கடையில் சிறுவர் சாமான்களோடு இதை அடுக்குவது சரியல்ல. அதே அளவில் பேட்டரியில் ஓடும் பக்கி கார்களும் கிடைக்கின்றன. பிள்ளைகள் கேட்டால் அதைக் காட்டலாம்.